கரிசலும் கடலும் – 9: பாசி கட்டும் குதிர்

சென்ற வாரம் சிவகாசிப் பட்டாசின் ரசாயனங்களைப் பார்த்தோம். அவற்றையெல்லாம் பிடித்துவைத்திருக்கும் பொருளைச் சொல்லாமல் விட்டிருந்தேன்: மாவுச்சத்து. வெடிக்குழாய் சுருட்டுவது மைதாப் பசையால்; பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்பார்கள். கம்பி மத்தாப்பில் அலுமினியப் பொடியையும் இரும்புத்தூளையும் கம்பியோடு ஒட்டவைக்கும் டெக்ஸ்ட்ரினும் மாவுச்சத்தைச் சூடாக்கி எடுப்பதுதான்.

கோதுமை தன் அடுத்த தலைமுறைக்குச் சேர்த்துவைத்த உணவு அது. பழுப்புக் கடற்பாசிக்கும் இப்படியொரு குதிர் உண்டு. அதில் நிறைவது லாமினாரின். 1885-லேயே ஷ்மீடபெர்க் என்ற ஜெர்மன் விஞ்ஞானி அதைப் பிரித்தெடுத்துவிட்டார்.

இரண்டிலும் இருப்பது குளுக்கோஸ்தான். கோத்த விதம்தான் வேறு. மாவுச்சத்தில் ஆல்பா-1,4 பிணைப்பு. லாமினாரினில் பீட்டா-1,3, அங்கங்கே பீட்டா-1,6 கிளைகள். சங்கிலியும் சிறியது, ஏறத்தாழ 20 முதல் 30 குளுக்கோஸ். அதனால் மணியாகத் திரளாமல் செல்லுக்குள் கரைந்தே கிடக்கும். அயோடின் விட்டாலும் நீலமாகாது. நம்முடைய செரிமான நொதிகளால் அதை உடைக்க முடியாது, பெருங்குடல் பாக்டீரியாக்களால் முடியும். குளிர்கடல் லாமினேரியாவில் இது கோடை முழுக்கச் சேர்ந்து, இலையுதிர் காலத்தில் உலர் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை போகும். கடலில் மிதக்கும் நுண்பாசிகளிலும் இது உண்டு. நீரில் மிதக்கும் கரிமத் துகள்களிலுள்ள கார்பனில் சராசரியாகக் கால் பங்கு லாமினாரின் என்று 2020-இல் வெளியான ஆய்வொன்று கணித்தது.

கரிசல் விவசாயிக்கு முக்கியமான செய்தி இனிமேல்தான். பூஞ்சையின் செல்சுவரிலும் பீட்டா-1,3 குளுக்கான் இருக்கிறது. லாமினாரினை இலையில் தெளித்தால், பூஞ்சை தாக்கவருவதாக எண்ணிச் செடி தன் தற்காப்பைத் தொடங்கிவிடுகிறது. பூஞ்சையை அது கொல்வதில்லை. ஆகவே நோய் வருமுன் தெளித்தால்தான் பலன். வந்தபின் தெளித்துப் பயனில்லை. பிரான்சில் கோதுமை, ஆப்பிள், ஸ்ட்ராபெரிக்கு இது விற்பனையில் இருக்கிறது.

நம்மிடமும் பழுப்புப் பாசி உண்டு. ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரைப் பக்கத்துப் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி, பாறையிலிருந்து பறித்துவரும் கட்டக்கோரை சர்காஸம் இனம். அதிலிருந்து எடுப்பது அல்ஜினேட். துணியில் சாயம் அச்சிடும்போது பரவாமல் தடுக்கும் கூழ் அதுதான். ஆனால் அல்ஜினேட் எடுக்கும் முறையில், பாசியை முதலில் நீர்த்த அமிலத்தில் கழுவுகிறார்கள். அதன் பிறகே சோடியம் கார்பனேட். அந்த முதல் கழுவலிலேயே லாமினாரின் கரைந்து வெளியேறிவிடும்.

சர்காஸத்தில் லாமினேரியா அளவுக்கு லாமினாரின் சேராது என்பது உண்மை. அதற்காகவே கூடுதல் பாசி பறிக்கச் சொல்வது தவறு. அந்தக் கரையையொட்டி, 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட தீவுகளைச் சுற்றி அந்தப் பெண்களின் பிழைப்பே நெருக்கடியில்தான் நடக்கிறது. ஆனால் ஏற்கெனவே பறித்த பாசியின் கழுவுநீர் இருக்கிறதே! அதில் எந்த மாதம் எவ்வளவு லாமினாரின் வருகிறது என்று அளப்பதில் தொடங்கலாம். அடுத்து, சாத்தூர், அருப்புக்கோட்டை மிளகாய்க் காடுகளில், காய் அழுகல் நோய் வருமுன்பே தெளித்துப் பார்க்க வேண்டும். பலன் தந்தால், கிடைக்கும் கூடுதல் விலையில் முதல் பங்கு முங்கிப் பறித்தவர்களுக்குப் போக வேண்டும்.