எரிசாராயமும் நுண்சவ்வும்

1921-ல் கள்ளுக்கடை மறியல் செய்த தமிழ்நாட்டில் சாராயத்திற்குப் பரிந்து பேசுகிறோமே என்று நேயர்கள் திகைக்க வேண்டாம். நாம் கூற வந்தது மனிதர் குடிக்கும் சாராயத்தைப் பற்றியன்று; மோட்டார் வண்டிகள் குடிக்கும் எரிசாராயத்தைப் பற்றியே.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலைப்பாதையேறி வெலிங்டனை அடையும் பெட்ரோல் வண்டிகள் இன்று பெரும்பாலும் நூற்றுக்கு 20 பங்கு எரிசாராயம் கலந்த பெட்ரோலையே எரிக்கின்றன. 2003-ல் சில ராஜ்யங்களில் நூற்றுக்கு 5 பங்காகத் தொடங்கிய கலப்பு 2025-ல் இவ்வளவை எட்டியது. அந்நிய எண்ணெய்க்கு நாம் அழும் பணம் குறைவது நன்றே. ஆனால், இக்கலப்புக்கு நீர் பெரும் பகை. நீர் மிகுந்தால் எரிசாராயம் பெட்ரோலைக் கைவிட்டு, நீரோடு கூடி அடியில் தங்கிவிடும். குளிரில் இப்பிரிவு இன்னும் எளிதாக நேரும். மூடுபனியும் மழையும் மிகுந்த வெலிங்டனில் இதை அலட்சியம் செய்தல் தகாது.

நீரை நீக்குவதோ எளிதன்று. காய்ச்சி வடித்தால் எடையில் நூற்றுக்கு 95.6 பங்கு வரையே சாராயம் தேறும். அதற்குமேல் இரண்டும் ஒன்றாகவே ஆவியாகும். எஞ்சிய நீரை ஆலைகளில் சியோலைட் மணிகளைக்கொண்டு உறிஞ்சுகின்றனர். அம்மணிகளை மீண்டும் உலர்த்த வேறு செலவுண்டு.

இங்கேதான் நுண்சவ்வு துணைக்கு வருகிறது. சியோலைட் சவ்வொன்றின் துளை ஏறக்குறைய 0.4 நானோமீட்டர், மயிரிழையின் கனத்தில் லட்சத்தில் ஒரு பங்கிலும் குறைவு. சிறிய நீர் மூலக்கூறு அதனுள் நுழையும். பருத்த சாராய மூலக்கூறு வெளியே நிற்கும். மறுபுறம் வெற்றிடமாக்கினால் நீர் ஆவியாய்ப் பிரியும். திரவம் முழுவதையும் கொதிக்கவைக்க வேண்டுவதில்லை. 2012-ல் மான்செஸ்டர் சர்வகலாசாலையில் கேரளத்தவரான ராகுல் நாயரும் ஆந்த்ரே கெய்ம் முதலியோரும், ஹீலியம் வாயுவையும் தடுக்கும் கிராஃபீன் ஆக்ஸைடுச் சவ்வு நீராவிக்கு மாத்திரம் வழிவிடுவதைக் கண்டனர். அச்சவ்வினால் வோட்காப் புட்டியொன்றை மூடிவைத்தபோது, நாளடைவில் உள்ளிருந்த மது வலுத்ததாம்!

சவ்வுகளின் விலை அதிகம்; சியோலைட் சவ்வில் சிறு விரிசல் கண்டாலும் பயன் கெடும் என்பார் உளர். உண்மையே. ஆயினும் ஜெர்மனியும் ஜப்பானும் இவற்றைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்து பல்லாண்டுகளாயின. ஐதராபாத்திலுள்ள இந்திய இரசாயனத் தொழில்நுட்பக் கழகத்திலும் இவ்வாராய்ச்சி நடந்துள்ளது. ஆராய்ச்சிசாலையில் பிறந்தது ஆலைக்கு வர வேண்டாமா? சர்க்கார் பொருளுதவி செய்க. சர்க்கரை ஆலை முதலாளிகள் பரீட்சித்துப் பார்க்க இடம் தருக.

வெலிங்டனுக்கு அடுத்த அருவங்காட்டில், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அந்நிய ஆட்சியார் தங்கள் யுத்தத் தேவைக்காக வெடிமருந்துச் சாலை கண்டனர். மலைமீது அவர்கள் ரஸாயனத் தொழில் நடத்தினார்கள். சுயராஜ்யம் பெற்ற நாம் நமது வண்டிக்கு வேண்டிய சவ்வைச் செய்துகொள்ள இயலாதா? எண்ணெய்க்கு அந்நியரை நம்பியிருந்த நிலை மாறி, சவ்வுக்கு அந்நியரை நம்பும் நிலை வருமாயின், அது சுதேசியம் ஆகாது.