நனைந்த சட்டை வெயிலைத் தடுக்குமா?

துவைத்த வெள்ளை வேட்டியைக் கொடியில் காயப்போடும்போது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். உலர்ந்திருக்கும்போது வெளேரென்று கண்ணை மறைக்கும் துணி, நனைந்தவுடன் மங்கலாக ஊடுருவித் தெரிகிறது. பின்னால் நிற்பவரின் உருவம்கூடப் புலப்படுகிறது. தண்ணீர் நிறமற்றது; அது துணியின் நூலில் ஒன்றைக்கூட எடுத்துவிடவில்லை. பிறகு ஏன் இந்த மாற்றம்? கடலிலும் குளத்திலும் விளையாடுவோர் எந்தச் சட்டையை அணிய வேண்டும் என்ற கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது.

2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடைபெற்றது. இந்தியாவில் இப்போட்டி நடந்தது அதுவே முதல் முறை. இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் அதில் வெண்கலப் பதக்கம் பெற்றார். அலைச்சறுக்கு வீரர்கள் உடலோடு ஒட்டிய ஒரு சட்டையை அணிவதுண்டு. ‘ரேஷ் கார்டு’ என்பது அதன் பெயர். கால் வழுக்காமலிருக்கப் பலகையின் மேல் மெழுகு தேய்த்திருப்பார்கள். அதன்மேல் குப்புறப் படுத்துக் கைகளால் துழாவிச் செல்லும்போது மெழுகும் உப்பும் மணலும் சேர்ந்து மார்பையும் வயிற்றையும் உராய்ந்து சிராய்த்துவிடும். இதைத் தடுக்கப் பிறந்த சட்டை அது. இன்று நீச்சல் பழகும் பிள்ளைகளுக்கும் கடைகளில் விற்கிறார்கள். உராய்வைத் தடுப்பதோடு வெயிலைத் தடுப்பதும் இப்போது அதன் வேலையாகிவிட்டது.

புலப்படாத கதிர்கள்

வெயிலில் நமக்குச் சூடு தருவது பெரும்பாலும் ஒளியும் அகச்சிவப்புக் கதிர்களும் ஆகும். தோலைக் கெடுப்பவை புற ஊதாக் கதிர்கள். இவற்றில் 280 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ளவை ‘பி’ வகை. 315 முதல் 400 வரை ‘ஏ’ வகை. 280-க்குக் குறைந்த ‘சி’ வகையை வளிமண்டலம் முழுவதும் வடிகட்டிவிடுகிறது. எஞ்சியவற்றை நாம் கண்ணால் காண்பதுமில்லை, உடலால் உணர்வதுமில்லை. கடற்காற்றும் தண்ணீரும் உடலைக் குளிர்விப்பதால் ‘வெயிலே இல்லை’ என்று எண்ணிக்கொண்டு மணிக்கணக்கில் ஆடுகிறோம். தண்ணீருக்குள் இருந்தாலும் தப்ப முடியாது. அரை மீட்டர் ஆழத்திலும் மேற்பரப்பிலுள்ள புற ஊதாக் கதிர்களில் 40 விழுக்காடு எஞ்சியிருக்கும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். உலர்ந்த கடற்கரை மணல் சுமார் 15 விழுக்காட்டையும் அலையின் நுரை சுமார் 25 விழுக்காட்டையும் திருப்பி நம்மேல் வீசுகின்றன.

நம் நாட்டில் சூரியன் சாய்வாகவும் விழுவதில்லை. மகாராஜபுரம், ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் ஆகிய ஊர்கள் ஏறத்தாழ 9½ பாகை வடக்கு அட்சரேகையில் உள்ளன. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும் நண்பகல் சூரியன் அங்கு உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். கதிர்கள் கடக்க வேண்டிய காற்றின் தடிமன் அப்போது மிகக் குறைவு. ‘கறுத்த தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது’ என்பது பாதி உண்மைதான். தோலிலுள்ள மெலனின் நிறமி ஓரளவு காக்கும், முழுவதும் காக்காது.

துணியில் உள்ள சன்னல்கள்

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்வதற்குப் பெயர் பெற்ற ஊர். அத்துணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். நூலுக்கும் நூலுக்கும் இடையே சின்னஞ்சிறு சன்னல்கள் தெரியும். புண்ணுக்குக் காற்றோட்டம் தர அவை உதவுகின்றன. ஆனால் வெயிலும் அவற்றின் வழியே தடையின்றி நுழையும்.

ஒரு துணியின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு இத்தகைய துளைகள் என்று கொள்வோம். நூல் முற்றிலும் ஒளிபுகாததாக இருந்தாலும் பத்தில் ஒரு பங்கு கதிர் உள்ளே வந்தே தீரும். துணி எத்தனையில் ஒரு பங்கு கதிரை உள்ளே விடுகிறது என்பதைச் சொல்லும் எண்ணே புற ஊதாக் காப்பு எண். சட்டையின் சீட்டில் ‘யு.பி.எஃப்.’ என்று அச்சிட்டிருப்பார்கள். 10 என்றால் பத்தில் ஒரு பங்கு. 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 விழுக்காடு. ஆகவே 50 என்ற எண்ணைப் பெற வேண்டுமானால் துளைகளின் மொத்தப் பரப்பு 2 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தாக வேண்டும். நெருக்கமாகப் பின்னிய துணியே இதற்கு ஏற்றது.

நனைந்தால் என்ன ஆகிறது?

இப்போது வேட்டிக்கு வருவோம். பருத்தி இழையின் ஒளிவிலகல் எண் 1.5-க்குச் சற்று மேல், காற்றுக்கு 1. இந்த வேறுபாட்டால் இழையும் காற்றும் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒளி திசைமாறிச் சிதறுகிறது. ஆயிரக்கணக்கான சிதறல்களில் பெரும்பகுதி வெளியே திரும்பிவிடுகிறது. வெள்ளைத் துணி வெள்ளையாகத் தெரிவதும் நிழல் தருவதும் இதனாலேயே. நனைந்ததும் காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. தண்ணீரின் எண் 1.33, இழைக்கும் தண்ணீருக்கும் வேறுபாடு குறைவு. சிதறல் குறைகிறது, ஒளி நேரே உள்ளே செல்கிறது. எண்ணெய் பட்ட காகிதம் ஒளி கசியவிடுவதும் இதே காரணத்தால்தான்.

மெல்லிய வெள்ளைப் பருத்தி பனியனின் காப்பு எண் உலர்ந்த நிலையில் சுமார் 7. நனைந்தால் சுமார் 3. ஏழில் ஒரு பங்கு நுழைந்த இடத்தில் மூன்றில் ஒரு பங்கு நுழைகிறது. கரையில் காத்த சட்டை, தண்ணீரில் கைவிட்டுவிடுகிறது!

கதிரைத் தடுக்க இன்னொரு வழியும் உண்டு. அது உறிஞ்சுதல். பாலியெஸ்டர் மூலக்கூறிலுள்ள பென்சீன் வளையம் ‘பி’ வகைக் கதிர்களில் பெரும்பகுதியைத் தானே விழுங்கிவிடுகிறது. அடர்ந்த சாயங்களும் அவ்வாறே. வெளுக்காத காடாத் துணியில் எஞ்சியிருக்கும் இயற்கை நிறமிகள்கூட ஓரளவு உறிஞ்சும். வெளுத்தபின் அந்தத் துணை போய்விடும். சிதறலுக்குக் காற்று வேண்டும். உறிஞ்சுதலுக்குக் காற்று வேண்டாம். ஆகவே நீரில் அணியும் துணி, சிதறலை நம்பாமல் உறிஞ்சுதலை நம்ப வேண்டும்.

தேர்ந்தெடுப்பது எப்படி?

இச்சட்டைகள் பெரும்பாலும் பாலியெஸ்டர் அல்லது நைலானோடு சிறிது ஸ்பான்டெக்ஸ் கலந்தவை. 1958-ல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய ரப்பர் போன்ற இழை அது. ‘லைக்ரா’ என்ற வணிகப் பெயரில் பலரும் அறிவர். உடலோடு ஒட்டி, மடிப்பின்றி இருப்பதற்கு அதுவே காரணம். ஆனால் மிகச் சிறிய அளவை வாங்கி இழுத்து மாட்டினால் துணி விரிந்து சன்னல்கள் திறந்துகொள்ளும். 1996-ல் வந்த ஆஸ்திரேலிய–நியூசிலாந்து தர அளவை, உலர்ந்த, இழுக்காத துணியையே அளக்கிறது. சீட்டில் 50 என்றிருந்தாலும் இறுக்கிப் பிடித்தால் அது கிடைக்காது. தொளதொளவென்றிருந்தாலும் தண்ணீர் புகுந்து இழுக்கும். மடிப்புகள் தோலைத் தேய்க்கும். ஒட்டியும் இறுக்காமலும் இருப்பதே சரியான அளவு.

கைகள் நீளமாகவும் கழுத்து உயர்ந்தும் தையல்கள் தட்டையாகவும் இருக்கட்டும். சிவப்பு, ஆரஞ்சு போன்ற நிறங்கள் அலைநடுவே கரையிலிருப்போர் கண்ணில் எளிதில் படும்; நீலமும் சாம்பலும் கடலோடு கலந்துவிடும். இச்சட்டை மிதவை அன்று என்பதையும் மறக்கக் கூடாது. குளோரின் கலந்த நீர் ஸ்பான்டெக்ஸைத் தளர்த்தும்; எனவே நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள்.

புதிதாக வாங்க வசதியில்லையா? வீட்டிலுள்ள விளையாட்டுச் சட்டைகளை நனைத்து, ஒரு விளக்கின் முன் பிடித்து, அணிந்தால் விரியும் அளவுக்கு இழுத்துப் பாருங்கள். சூரியனை நோக்கிப் பிடிக்க வேண்டாம். விளக்கொளி தாராளமாக வந்தால் அது தண்ணீருக்கு ஆகாது. மங்கலாகவே வந்தால், நெருங்கப் பின்னிய அடர்நிறப் பாலியெஸ்டர் சட்டையாக இருந்தால், அது பெரும்பாலும் போதும். இச்சோதனை கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான் காட்டும். எனினும் துளைகளை மறைக்காது.

கிணற்றில் குதிக்கும் மகாராஜபுரத்துப் பிள்ளைக்கும் மாமல்லபுரத்தில் அலையேறும் வீரனுக்கும் விதி ஒன்றே. கடையில் தொங்கும் சட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நனைந்து, விரிந்து, உடல்மேல் இருக்கும்போது அது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.