மூக்கின் வாசலில் ஒரு காவல்

ஹைதராபாத் நகரின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது ராமச்சந்திராபுரம். 'பெல்' என்னும் பெரிய அரசு ஆலை இங்கே இருக்கிறது. ஆலையை ஒட்டி ஊழியர் குடியிருப்பு. சற்றுத் தள்ளிப் போனால் படான்செரு தொழிற்பேட்டை. இடையிடையே காலி மனைகளும் சாலை ஓரங்களும் ரயில் பாதையும் உண்டு.

மழை பெய்தால் போதும். இது போன்ற இடங்களில் ஒரு செடி மளமளவென்று முளைக்கும். இடுப்பு உயரம் வளரும். இலை கேரட் இலை போல இருக்கும். பூ வெள்ளையாக, சின்னச் சின்னதாக இருக்கும். இதுதான் பார்த்தீனியம். தெலுங்கில் இதை 'வய்யாரி பாமா' என்கிறார்கள். ஒய்யாரமான பெண் என்று பொருள். பெயரில் இருக்கும் அழகு குணத்தில் இல்லை.

இது நம் நாட்டுச் செடி அல்ல. அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்தது. 1950களில் புனே நகரில் இதைப் பார்த்தார்கள். கோதுமை இறக்குமதி ஆனபோது விதையும் கூடவே வந்துவிட்டது என்று சொல்வார்கள். இப்போது தமிழ்நாட்டிலும் இது இல்லாத ஊர் குறைவு.

பூவுக்குள் மாவு போன்ற தூள் இருக்கிறது. அதன் பெயர் மகரந்தம். ஒரு செடியில் கோடிக்கணக்கான மகரந்தத் துகள்கள் உண்டாகும். ஒரு துகளைத் தனியாகக் கண்ணால் பார்க்க முடியாது. காற்று அடித்தால் பறக்கும். மூச்சு இழுத்தால் மூக்குக்குள் போகும்.

பலருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. சிலருடைய உடம்பு மட்டும் இந்தத் தூளை எதிரி என்று நினைத்துக்கொள்கிறது. அதை வெளியே தள்ளப் பார்க்கிறது. அதனால்தான் அடுக்கடுக்காகத் தும்மல் வருகிறது. மூக்கில் தண்ணீராக ஒழுகுகிறது. கண் அரிக்கிறது. இதை ஒவ்வாமை என்கிறோம். அலர்ஜி என்றும் சொல்கிறோம்.

இது சாதாரணச் சளி இல்லையா? இல்லை. சளி ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும். காய்ச்சலும் உடம்பு வலியும் கூட வரலாம். ஒவ்வாமையில் காய்ச்சல் வராது. அரிப்பு இருக்கும். வாரக்கணக்கில் நீடிக்கும். அடுத்த ஆண்டும் அதே பருவத்தில் வரும். ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. கிருமியைக் கொல்லும் மாத்திரைகள் இதற்குப் பயன்படாது. அவற்றை வாங்கி விழுங்குவது கூலிப் பணத்துக்குக் கேடு.

தெரு கூட்டுகிறவர்கள், தோட்ட வேலை செய்கிறவர்கள், வாட்ச்மேன்கள் ஆகியோருக்குத்தான் தொல்லை அதிகம். அவர்கள் நாள் முழுவதும் வெளியே நிற்கிறார்கள். இரவில் மூக்கு அடைத்தால் தூக்கம் இல்லை. தூக்கம் இல்லாமல் மறுநாள் இயந்திரத்தின் முன் நிற்பது ஆபத்து.

இங்கிலாந்தில் பிளாக்லி என்று ஒரு மருத்துவர் இருந்தார். அவருக்கே இந்தத் தும்மல் உண்டு. காரணம் என்ன என்று அவரே தேடினார். கண்ணாடித் துண்டில் பிசுபிசுப்பான பொருளைத் தடவினார். அதைப் பட்டத்தில் கட்டி உயரே பறக்க விட்டார். இறக்கிப் பார்த்தபோது கண்ணாடியில் மகரந்தம் ஒட்டியிருந்தது! தும்மலுக்கு மகரந்தமே காரணம் என்று 1873-இல் புத்தகம் எழுதினார்.

பிசுபிசுப்பில் தூள் ஒட்டும். இந்த எளிய உண்மையே நமக்கும் உதவுகிறது.

மருந்துக் கடையில் பெட்ரோலியம் ஜெல்லி என்று கேட்டால் கிடைக்கும். வாசலின் என்றால் எல்லோருக்கும் தெரியும். வெளியே போகும் முன் கையைக் கழுவ வேண்டும். விரல் நுனியில் கொஞ்சம் எடுக்க வேண்டும். மூக்குத் துவாரத்தின் விளிம்பில் சுற்றிலும் மெல்லியதாகத் தடவ வேண்டும். விளிம்பில் மட்டும்தான். உள்ளே திணிக்கக் கூடாது. பறந்து வரும் தூளில் ஒரு பகுதி அதிலேயே ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் துணியால் துடைத்துவிட வேண்டும். முகத்தையும் கழுவ வேண்டும். படுக்கும்போது தடவ வேண்டாம்.

சில வீடுகளில் குழந்தையின் மூக்கில் எண்ணெய் ஊற்றும் வழக்கம் உண்டு. அது கூடவே கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும்.

வெளிநாடுகளில் இதற்கென்றே ஒரு பொடி விற்கிறார்கள். தாவர நாரில் இருந்து செய்தது. மூக்கில் பீச்சினால் ஈரம் பட்டுக் கூழாகி, உள்ளே ஒரு படலமாக நிற்கும். விலை அதிகம். வாசலினும் முகக்கவசமும் சேர்ந்தால் செலவு குறைவு. கொரோனா காலத்தில் வாங்கிய முகக்கவசம் பல வீடுகளில் இன்னும் இருக்கும்.

உப்பு நீரால் மூக்கைக் கழுவுவதும் நல்லது. ஆனால் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றியே பயன்படுத்த வேண்டும். குளத்து நீர், குழாய் நீர் வேண்டாம். அதில் மூளையைத் தாக்கும் அமீபா இருக்கலாம்.

மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து விற்கிறார்கள். விட்டதும் மூக்கு திறந்துகொள்ளும். ஐந்து நாளுக்கு மேல் விட்டால் அடைப்பு முன்பைவிட அதிகமாகும். அலர்ஜி மாத்திரைகள் சிலவற்றால் தூக்கம் வரும். வண்டி ஓட்டுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் விழுங்கக் கூடாது.

இவ்வளவு செய்தும் குறையவில்லை என்றால் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சில் விசில் போலச் சத்தம் கேட்டாலோ அன்றே போக வேண்டும். அது ஆஸ்துமாவாக இருக்கலாம். இருமல் இரண்டு வாரம் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அது காசநோய்க்கான சோதனை. அரசு மருத்துவமனையில் இலவசம்.

மூக்கைக் காப்பது ஒரு பக்கம். செடியை ஒழிப்பது மறுபக்கம். தெலங்கானா அரசு 2022-இல் கோனோகார்பஸ் என்னும் அலங்கார மரத்தை நட வேண்டாம் என்றது. தமிழ்நாட்டு அரசும் 2025-இல் அதற்குத் தடை போட்டது. மரத்தை நடாமல் இருக்கலாம். பார்த்தீனியத்தை யாரும் நடுவதில்லையே! அது தானாக வருகிறது. அதனால் பிடுங்கத்தான் வேண்டும்.

பூக்கும் முன்னே பிடுங்க வேண்டும். பூத்த பின் பிடுங்கினால் மகரந்தம் முகத்தில்தான் கொட்டும். மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு வரும். வெறுங்கையால் தொட்டால் தோல் தடித்து அரிக்கும். கையுறை இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையைக் கையில் சுற்றிக்கொள்ளலாம். பயிர் செய்யாத இடமாக இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 200 கிராம் சமையல் உப்பைக் கரைத்து, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிக்கலாம். செடி கருகிவிடும். வயலிலும் கிணற்றடியிலும் மட்டும் இதைத் தெளிக்கக் கூடாது. மண்ணும் தண்ணீரும் உப்பாகிவிடும்.