சிறுநீர்ப் பாதை அடைப்பும் ரீனோகிராம் ஆய்வும்

ரீனோகிராம் என்பது ஓர் அணு மருத்துவ ஆய்வாகும். மிகக் குறைந்த அளவு கதிரியக்கப் பொருளை இரத்தக் குழாயில் செலுத்தி, அதனை ஒவ்வொரு சிறுநீரகமும் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது, எவ்வளவு விரைவில் வெளியேற்றுகிறது என்பதைக் காமா கேமரா மூலம் இதில் அளக்கிறார்கள். கல்லடைப்பு, பிறவியிலேயே அமைந்த குறுக்கம் போன்றவற்றால் சிறுநீர்ப் பாதை அடைபட்டவர்களுக்கு, அடைப்பு நீங்கும் முன்னும் பின்னும் சிறுநீரகத்தின் நிலையைத் தொடர்ந்து கவனிக்க இது பயன்படுகிறது.

நம் இரு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. ஒரு பக்கச் சிறுநீர்நாளம் அடைபட்டால் சிறுநீர் பின்னோக்கித் தேங்கி, பெல்விஸ் எனப்படும் புனல் போன்ற பகுதி வீங்கும். உள்ளே அழுத்தம் கூடும்போது நெஃப்ரான்களில் வடிகட்டுதல் குறையும். தொடக்கத்தில் சற்று அதிகரிக்கும் இரத்த ஓட்டம் சில மணி நேரத்தில் குறையத் தொடங்கும். அடைப்பு வாரக்கணக்கில் நீடித்தால் நெஃப்ரான்கள் சுருங்கி, அவ்விடத்தில் நார்த்திசு வளரும். நாய்களில் செய்யப்பட்ட ஆய்வுகளில், ஒரு பக்க நாளத்தை முழுமையாக அடைத்து 7 நாளில் திறந்தபோது வடிகட்டும் திறன் ஏறக்குறைய முழுவதும் திரும்பியது. 14 நாள் கழித்துத் திறந்தபோது சுமார் 70 விழுக்காடும், 4 வாரம் கழித்துத் திறந்தபோது சுமார் 30 விழுக்காடும் மட்டுமே திரும்பின. 6 வாரம் ஆனபின் மீட்சி அநேகமாக இல்லை. மனிதர்களில் அடைப்பு பெரும்பாலும் பகுதியளவே இருப்பதால் இந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் காலம் கடத்தினால் இழப்பு கூடும் என்பது இருவருக்கும் பொது.

ஈரோடு, பவானி, திருப்பூர்ப் பக்கம் தறிப்பட்டறையிலும் சாயப்பட்டறையிலும் வெயில் காட்டிலும் வேலை செய்வோர் வேலை மும்முரத்தில் தண்ணீர் குடிப்பதையே மறந்துவிடுவார்கள். வியர்வையில் நீர் போய்ச் சிறுநீர் அடர்த்தியானால் கல் உருவாக வாய்ப்பு அதிகம். கல்லடைப்பு வந்தால் வாழைத்தண்டுச் சாறு குடித்து, வலி நின்றதும் "கல் கரைஞ்சு போச்சு" என்று இருந்துவிடுகிறார்கள். வாழைத்தண்டு உண்பதில் தவறில்லை. வலி நின்றதை மட்டும் சாட்சியாகக் கொள்வதுதான் ஆபத்து. கல் வெளியேறினாலும் வலி நிற்கும். அடைபட்ட சிறுநீரகம் வடிகட்டுவதைக் குறைத்துக்கொண்டு உள் அழுத்தம் இறங்கினாலும் வலி நிற்கும்.

இரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். ஒரு சிறுநீரகம் பழுதானால் மற்றது அதன் வேலையையும் சேர்த்துச் செய்யும் என்பதால் கிரியேட்டினின் அளவு இயல்பாகவே இருக்கக்கூடும். அல்ட்ராசவுண்டு ஸ்கேன் வீக்கத்தைக் காட்டும். அந்தச் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று சொல்லாது. மேலும், அடைப்பு நீங்கிய பின்பும் வீக்கம் நெடுநாள் தங்கியிருக்கலாம். வலது, இடது என்று பிரித்து இரண்டின் பங்கையும் தனித்தனியே அளப்பதுதான் ரீனோகிராமின் சிறப்பு.

இதற்குப் பயன்படும் கதிரியக்கத் தனிமம் டெக்னீசியம்-99எம். இதன் அரை ஆயுட்காலம் 6 மணி நேரம். 24 மணி நேரத்தில் நான்கு அரை ஆயுட்காலம் கடந்துவிடுவதால் பதினாறில் ஒரு பங்கே மிஞ்சும் என்று மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். இவ்வளவு விரைவில் சிதைவதை எப்படி வெளியூருக்கு அனுப்புவது? 66 மணி நேர அரை ஆயுட்காலம் உள்ள மாலிப்டினம்-99ஐ ஈயக் கவசமிட்ட ஜெனரேட்டரில் வைத்து அனுப்புகிறார்கள். அது சிதையும்போது உண்டாகும் டெக்னீசியத்தை உப்புநீரால் தினமும் கழுவி எடுத்துக்கொள்ளலாம். அணு மருத்துவத்தில் இருப்பவர்கள் அந்தப் பெட்டியைப் 'பசு' என்றும், எடுப்பதைப் 'பால் கறப்பது' என்றும் சொல்வார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாத உவமை. இந்தியாவில் அணுசக்தித் துறையின் கதிர்வீச்சு மற்றும் ஐசோடோப்பு தொழில்நுட்ப வாரியம் இவற்றை வழங்குகிறது. மும்பை பரேலில் கதிரியக்க மருத்துவ மையம் 1963இல் தொடங்கப்பட்டது. இன்று கோவையிலேயே அணு மருத்துவப் பிரிவு உள்ள மருத்துவமனைகள் இருக்கின்றன.

டெக்னீசியத்தைச் சிறுநீரகத்திற்குக் கொண்டு சேர்க்க ஒரு மருந்து வேண்டும். டி.டி.பி.ஏ. குளோமருலஸ் வழியே வடிகட்டப்படும். மாக்-3 மருந்தும், நம் நாட்டில் அதிகம் பயன்படும் ஈ.சி. மருந்தும் பெரும்பாலும் நுண்குழல்களால் சுரக்கப்படுகின்றன. திறன் குறைந்த சிறுநீரகத்திலும், சிறு குழந்தைகளிலும் இவ்விரண்டும் தெளிவான படம் தரும்.

நோயாளி தண்ணீர் குடித்து, சிறுநீர் கழித்துவிட்டு மல்லாந்து படுக்க வேண்டும். ஊசி போட்டவுடன் முதுகுப்புறமுள்ள கேமரா 20 முதல் 30 நிமிடம் தொடர்ந்து பதிவு செய்யும். நல்ல சிறுநீரகத்தில் வரைகோடு வேகமாக ஏறி, 3 முதல் 5 நிமிடத்தில் உச்சம் தொட்டு, பிறகு இறங்கும். தொடக்க நிமிடங்களில் எடுத்துக்கொண்ட அளவிலிருந்து இரு பக்கப் பங்கு கணக்கிடப்படும். பொதுவாக 45 முதல் 55 விழுக்காடு இயல்பானது.

கோடு இறங்காமல் நின்றால் அடைப்பு என்று உடனே சொல்லிவிட முடியாது. வீங்கித் தளர்ந்த பையிலும் சிறுநீர் தங்கும். ஆகவே ஃபுரோசமைடு என்னும் சிறுநீர்ப் பெருக்கி மருந்தைச் செலுத்திப் பார்ப்பார்கள். தேங்கியதில் பாதி 10 நிமிடத்திற்குள் வடிந்தால் அடைப்பில்லை, 20 நிமிடத்திற்கு மேல் ஆனால் அடைப்பு இருக்கலாம், இடைப்பட்டது ஐயத்திற்குரியது. மான்செஸ்டரைச் சேர்ந்த ஓ'ரெய்லியும் அவருடைய குழுவினரும் 1970களின் இறுதியில் இம்முறையை விளக்கி எழுதினர்.

ஒரு ஆய்வைவிட அடுத்தடுத்த ஆய்வுகளின் ஒப்பீடே முக்கியம். கருவிலேயே சிறுநீரக வீக்கம் கண்டறியப்பட்ட குழந்தைகள் பலருக்கு அது தானாகவே சரியாகிவிடுகிறது. எல்லோருக்கும் கத்தி வைக்கத் தேவையில்லை. அந்தப் பக்கத்தின் பங்கு 40 விழுக்காட்டிற்குக் கீழ் இருந்தாலோ, அடுத்த ஆய்வில் 10 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தாலோ அறுவை சிகிச்சை பற்றி மருத்துவர் யோசிப்பார். பெரியவர்களில் பங்கு 10 விழுக்காட்டிற்கும் கீழ் என்றால் சிறுநீரகத்தையே எடுத்துவிடும் பேச்சு வரும். ஆனால் அடைப்பு இருக்கும்போது எடுத்த அளவு, மீளக்கூடிய திறனைக் குறைத்துக் காட்டலாம். அதனால் முதுகு வழியே குழாய் வைத்தோ, ஸ்டென்ட் வைத்தோ சிறுநீரை வடியவிட்டு, சில வாரம் கழித்து மீண்டும் ரீனோகிராம் எடுத்து முடிவு செய்வதே பொருத்தம். எடுத்த உறுப்பைத் திரும்ப வைக்க முடியாதல்லவா!

இந்த ஆய்வுக்கும் குறைகள் உண்டு. உடலில் நீர் குறைந்திருந்தாலும் சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தாலும் வடிதல் தாமதமாகும். மிகவும் பழுதான சிறுநீரகம் ஃபுரோசமைடுக்குச் சரியாக எதிர்வினை காட்டாது. தழும்புகளைத் தேட டி.எம்.எஸ்.ஏ. என்ற வேறு ஸ்கேன் தேவைப்படும். கதிர்வீச்சைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டியதில்லை. உடல் ஏற்பது சுமார் 1 மில்லிசீவர்ட் அல்லது அதற்கும் குறைவு. இயற்கையிலிருந்தே ஓராண்டில் உலக சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் நமக்குக் கிடைக்கிறது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அடுத்த முறை போகும்போது பழைய அறிக்கையைக் கையோடு கொண்டுபோவது அவசியம். முடிந்தவரை அதே மருந்தையும் அதே முறையையும் பயன்படுத்தினால்தான் போன முறை 38 என்றிருந்தது இப்போது 41 ஆகியிருப்பது உண்மையான முன்னேற்றமா, அளவீட்டின் ஏற்ற இறக்கமா என்று மருத்துவரால் எடைபோட முடியும்.