காட்டின் காவலும் வேடர் உரிமையும்

வள்ளியம்மையை வேடர் குலக்கொடி என்று போற்றிக் கதிர்காமத்துக்கு ஆண்டுதோறும் கால்நடையாகச் செல்லும் நாம், அவ்வேடர் குலம் இன்று எங்கே, எவ்வாறு வாழ்கின்றது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? காட்டையும் காட்டு விலங்குகளையும் காத்தல் வேண்டும் என்னும் பேச்சு நாடெங்கும் ஒலிக்கும் இந்நாளில், அக்காட்டிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்களின் உரிமைபற்றிய பேச்சு மட்டும் ஏன் மெல்லென ஒலிக்கின்றது? இக்கேள்வியை வாசகர் முன் வைப்பதே என் நோக்கம்.

இவ்வழக்கின் வேர் 1840ஆம் ஆண்டிலே இருக்கின்றது. அவ்வாண்டு ஆங்கில ஆட்சியாளர் இயற்றிய காணிச் சட்டம், காடுகளும் தரிசு நிலங்களும், குடியிருப்போ பயிரோ இல்லாத நிலங்களும், மாறாகச் சான்று காட்டப்படும் வரை, முடிக்கே உரியன என்று விதித்தது. உறுதி எழுதி வைக்கும் வழக்கமே அறியாத வேடர் எச்சான்றைக் காட்டுவர்? எழுதுகோலின் ஓர் அசைவினால் அவர்கள் தம் வீட்டிலேயே அயலாராயினர்.

அக்காடு உண்மையில் உடையவரற்ற நிலமா? அன்று. செலிக்மன் தம்பதியர் வேடரிடையே ஆராய்ந்து 1911இல் வெளியிட்ட நூலைப் படிப்போர் வியப்படைவர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இன்ன குகை, இன்ன தேன்பாறை, இன்ன வேட்டைக்காடு என்று வகுக்கப்பட்டிருந்தது. ஒருவர் எல்லைக்குள் மற்றொருவர் ஒப்புதலின்றி வேட்டையாடுவதில்லை. மகளுக்கு மணம் முடிக்கும் தந்தை, மருமகனுக்கு நிலத்திற் பங்கு கொடுப்பதுமுண்டு. இதனை உடைமை என்னாது வேறென்ன என்பது? சட்டத்தின் கண்ணுக்குத் தென்படாமையால் அது இல்லாமற் போய்விடுமா?

சுதந்திரம் வந்தும் நிலைமை மாறவில்லை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர்த்தேக்கம் வேடர் வாழ்ந்த நிலம் பலவற்றை விழுங்கிற்று. பின்னர் வந்தது துரித மகாவலித் திட்டம். பெருங்காடுகள் வெட்டப்பட்டுக் குடியேற்றங்களாயின. இழந்த காட்டுக்கு ஈடாக, இடம்பெயர்ந்த விலங்குகளுக்குப் புகலிடமாகவும் நீரேந்து பரப்புக்குக் காவலாகவும் 1983 நவம்பரில் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனஞ் செய்யப்பட்டது. அதன் பரப்பு ஏறக்குறைய 58,850 எக்டயர். விலங்குக்குப் புகலிடம் கிடைத்தது; ஆங்கிருந்த வேடருக்கோ வேட்டையும் தேனெடுத்தலும் சேனைப்பயிர்ச்செய்கையும் ஒருங்கே குற்றமாயின. குடும்பங்கள் பல ஹெனானிகலவிலும் பிற குடியேற்றங்களிலும் அமர்த்தப்பட்டன. வயலும் வீட்டு நிலமும் கொடுத்தனர். ஆயினும், முதுவர் திசாஹாமி அசையவில்லை, தம்பானையிலேயே தங்கிவிட்டார். சென்றவருட் சிலரும் மீண்டனர்.

யான் தம்பானைக்குச் சென்றபோது கண்ட காட்சி இன்னும் மனத்தை வருத்துகின்றது. தோளிலே கைக்கோடரி தாங்கிய முதியவரைச் சூழ்ந்து பயணிகள் படம் பிடித்துக்கொண்டிருந்தனர். அவர்தம் பண்பாட்டைக் காட்டும் நிலையமொன்றும் அங்குண்டு. அங்கே வில்லும் அம்பும் காட்சிப் பொருள்கள். ஆனால் அதே வில்லுடன் அருகிலுள்ள காட்டுக்குள் நுழைந்தால் அது குற்றம்! வாழ்க்கையை விலக்கிவிட்டு அதன் நிழலை மட்டும் போற்றும் பண்பாட்டுக் காப்பு எத்தகைய காப்பு என்று என்னையே யான் வினவினேன்.

திசாஹாமியின் மகன் ஊருவரிகே வன்னிலா எத்தோ 1996இல் ஜெனீவா சென்று, ஐக்கிய நாடுகளின் செயற்குழு முன் தம் மக்களின் குறையை எடுத்துரைத்தார். 1998இல் தந்தை மறைய, தலைமைப் பொறுப்பு அவரைச் சேர்ந்தது. ஆதிக்குடிகள் தம் நிலத்திலிருந்து வலிந்து அகற்றப்படலாகாது என்று கூறும் ஐக்கிய நாடுகளின் பிரகடனம் 2007இல் நிறைவேறியபோது, ஆதரித்து வாக்களித்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று. வெளியே உயர்த்திய கை உள்ளே ஏன் தயங்குகின்றது?

"வேடர் இன்று பழைய வேடரல்லர், துப்பாக்கியும் வணிகமும் புகுந்துவிட்டன, காட்டைத் திறந்துவிட்டால் விலங்கு எஞ்சாது" என்று சிலர் கூறுவர். இதனை முற்றாகப் புறக்கணித்தல் நேர்மையன்று. மக்கள்தொகை பெருகியதும், காடு சுருங்கியதும் உண்மையே. எனினும் காட்டைச் சுருக்கியவர் யாவர்? 2020இல் ரம்பக்கன் ஓயாப் பகுதியிலே சோளச் செய்கைக்கெனக் காடு அழிக்கப்பட்டபோது, சுற்றாடல் அமைப்பொன்றுடன் சேர்ந்து மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடியவர் அதே வன்னிலா எத்தோ ஆவார். காட்டின் பகைவன் என்று கருதப்பட்டவனே காட்டுக்காக வழக்காடி நின்றான்.

இவ்வழக்கு நமக்கு அயலான்வீட்டு வழக்குமன்று. வாகரை தொடக்கம் மூதூர் வரையுள்ள கரையோர வேடர் தமிழே பேசுவோர். நம் தெய்வங்களோடு தம் முன்னோரையும் வழிபடுவோர். நீண்ட போர் அவர்களையும் நிலம் பெயர்த்தது. நம் ஊரவராகிய அவர்களைப்பற்றி நம்மிடையே எழுதப்பட்டவை மிகச் சில.

வழி இல்லாமலில்லை. காட்டில் வாழ்வோரின் உரிமையை ஏற்கும் சட்டத்தை அயலிலுள்ள இந்தியா 2006இல் இயற்றிற்று. குறிப்பிட்ட பகுதிகளிலே, குறிப்பிட்ட பருவத்திலே, தேனும் கிழங்கும் மருந்து மூலிகையும் எடுக்கும் உரிமையை எழுத்தில் வழங்கி, காவற் பணியிலும் தீர்மானத்திலும் வேடருக்கு இடமளித்தலை நாமும் தொடங்கலாம். மரத்தையும் மானையும் அறிந்தவனை வெளியே நிறுத்திவிட்டு வேலி காப்பதை விட, அவனையே காவலனாக்குதல் அறிவுடைமையாகும். வேடர் வாழ்வைக் காப்பதற்குக் காலம் இன்னும் கடந்துவிடவில்லை, கடந்துகொண்டிருக்கின்றது.