பேரேடுகள் விடைபெற்றபோது

பணியிடங்களில் புதிய தொழில்நுட்பம் நுழையும்போதெல்லாம் ஆட்குறைப்பு குறித்தே பேசுகிறோம். செயற்கை நுண்ணறிவு பற்றிய இன்றைய விவாதமும் அப்படித்தான் நடக்கிறது. அந்த அச்சம் நியாயமானதே. ஆனால், வேலைக்கு எந்த ஆபத்தும் இல்லாத இடங்களிலும் ஊழியர்கள் மாற்றத்தைக் கண்டு கலங்குகிறார்களே, அது ஏன்? பொதுத்துறை வங்கி ஒன்றின் கிளை மேலாளராக இருந்தபோது இந்தக் கேள்வியை நான் நேரில் எதிர்கொண்டேன்.

வங்கிகளுக்குள் கணினி எளிதில் வந்துவிடவில்லை. 1983-இலும் 1993-இலும் நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் பேசி ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகே இயந்திரங்கள் படிப்படியாக நுழைந்தன. தொடக்கத்தில் வந்தவற்றுக்கு 'மேம்பட்ட பேரேட்டுப் பதிவு இயந்திரம்' என்று பெயர். கணினி என்ற சொல்லையே உச்சரிக்காமல் கணினியைக் கொண்டுவந்த சாமர்த்தியம் அது! 2000-களில், எல்லாக் கிளைகளையும் ஒரே வலைப்பின்னலில் இணைக்கும் 'கோர் பேங்கிங்' முறை வந்தபோது, எங்கள் சிற்றூர்க் கிளையின் சேமிப்புக் கணக்குகள் பேரேடுகளிலேயே இருந்தன. யாருக்கும் வேலை போகாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆயினும், கிளையில் ஓர் இறுக்கம் நிலவியது.

அதன் காரணம் விளங்க, பேரேட்டுக் காலத்து வேலையை அறிந்திருக்க வேண்டும். தனித்தனிக் கணக்குகளின் இருப்பைக் கூட்டினால் வரும் தொகை, பொதுப் பேரேட்டிலுள்ள தொகையுடன் ஒரு பைசா பிசகாமல் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் இரவு வரை தேடல்தான். எங்கள் கிளையின் மூத்த எழுத்தர் ஒருவர் அதில் வல்லவர். வித்தியாசத் தொகை ஒன்பதால் வகுபட்டால், எங்கோ இலக்கங்கள் இடம் மாறியிருக்கக் கூடும் என்பார். 540 என்பது 450 ஆகியிருக்கும். இரட்டைப்படை என்றால், அதில் பாதித் தொகை வரவுக்குப் பதிலாகப் பற்றில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். பக்கத்துக் கிளைகளிலிருந்தும் அவரை அழைப்பார்கள். மேலாளர்கள் மாறுவார்கள், அந்த மதிப்பு மாறாது.

புதிய முறையில் வித்தியாசம் என்ற ஒன்றே எழாது. அதாவது, இருபத்தைந்து ஆண்டுகளில் அவர் தேர்ந்த கலைக்கு ஒரே நாளில் தேவை அற்றுப்போனது. அதே வாரத்தில், எந்த விசையை அழுத்த வேண்டும் என்று நேற்று பணியில் சேர்ந்த இளைஞரிடம் அவர் கேட்க வேண்டியிருந்தது. பயிற்சிக்கு வந்தவர்கள் 'இது மிக எளிது சார்' என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால், இத்தனை காலம் பட்ட பாடு வீண் என்றே அது அவர் காதில் விழுந்திருக்கும்.

பேரேட்டிலிருந்து கணினிக்குத் தரவுகளை மாற்றுவதுதான் அந்தப் பணியின் கடினமான பகுதி. ஒரே பெயரில் பல கணக்குகள் இருக்கும். சிலவற்றில் தகப்பனார் பெயரும் ஒன்றாகவே இருக்கும். இளவராகக் கணக்குத் தொடங்கியவர் பேரன் எடுத்திருப்பார். கைநாட்டுக் கணக்குகள், இறந்தவர்களின் கணக்குகள், வாரிசுதாரர் பெயர் எழுதப்படாத கணக்குகள் என்று எத்தனையோ. கணினி அறிந்தவர்களுக்கு இவை வெறும் பதிவுகள். ஊரை அறிந்தவருக்கு ஒவ்வொன்றும் ஒரு வீடு. எனவே, சரிபார்க்கும் பொறுப்பு முழுவதையும் அந்த எழுத்தரிடம் ஒப்படைத்து, அவர் கையொப்பமிடாத பட்டியல் எதுவும் மண்டல அலுவலகத்துக்குப் போகக் கூடாது என்று விதித்தேன். விசைப்பலகையை அவர் விரும்பிக் கற்றார் என்று சொல்ல மாட்டேன். ஆனால், இளைஞர்கள் தட்டச்சிட, பக்கத்தில் அமர்ந்து அவர் திருத்தினார். பாடம் இரு திசைகளிலும் நடந்தது.

எல்லோருக்கும் அப்படி ஓர் இடம் அமையவில்லை. ஓய்வுக்கு இரண்டு ஆண்டுகள் இருந்த காசாளர் கடைசிவரை அந்தத் திரையுடன் சமாதானம் ஆகவில்லை. மேலிடத்து முடிவுகளை மாற்றும் அதிகாரம் கிளை மேலாளருக்குக் கிடையாது. அவற்றை மனிதர்கள் தாங்கும்படி பங்கிட்டுத் தரலாம், அவ்வளவுதான்.

மாற்றம் வேண்டாம் என்பதல்ல என் வாதம். அப்போதெல்லாம் மாதத்தின் 10-ஆம் தேதிக்கும் கடைசி நாளுக்கும் இடைப்பட்ட குறைந்தபட்ச இருப்புக்கு மட்டுமே சேமிப்புக் கணக்கில் வட்டி உண்டு. 2010 ஏப்ரல் 1 முதல் அன்றாட இருப்புக்கு வட்டி கிடைக்கிறது. கையால் கணக்கிட்ட காலத்தில் இது நடைமுறைக்கு ஒவ்வாதது. சிறு சேமிப்பாளர்கள் பெற்ற இந்த நன்மையைக் கணினியே சாத்தியமாக்கியது.

ஆனால், இந்த மாற்றம் பரவுவதற்குச் சற்று முன்பே, 2000-01-இல், பொதுத்துறை வங்கிகளிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வில் சென்றுவிட்டார்கள். செலவு குறைந்தது. வாடிக்கையாளர்களை முகம் பார்த்து அறிந்திருந்த ஒரு தலைமுறையில் பெரும்பகுதியும் அதனுடன் வெளியேறியது. அவர்கள் அறிந்திருந்தவற்றை எழுதி வாங்கிவைக்க எந்த ஏற்பாடும் நான் பார்த்த கிளைகளில் இல்லை.

இன்று கடன் விண்ணப்பங்களை மென்பொருள் எடைபோடத் தொடங்கியிருக்கிறது. வயலுக்கும் கடைக்கும் நேரில் சென்று, பேசிப் பார்த்து, கடன் கொடுக்கலாமா என்று முடிவெடுத்த அலுவலர்கள் சிலர் இன்னும் பணியில் இருக்கிறார்கள். எதைப் பார்த்து நம்பினீர்கள், எதைப் பார்த்துத் தயங்கினீர்கள் என்று அவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்ய, அவர்கள் ஓய்வுபெறும்வரைதான் அவகாசம்.