மாட்டின் கண் உயரத்தில் நின்று பார்த்தவர்

பல்பொருள் அங்காடி ஒன்றின் வாசல். ஆள் நெருங்கினால் தானே திறந்து தானே மூடிக்கொள்ளும் கண்ணாடிக் கதவு. எல்லோரும் அதைக் கவனிக்காமலே கடந்து செல்கிறார்கள். ஓர் இளம்பெண் மட்டும் உள்ளே போக முடியாமல் நின்றுவிடுகிறார். நமக்குக் கதவாகத் தெரிவது, அவருக்குக் கழுத்தில் இறங்கவிருக்கும் வெட்டுக்கத்தியாகத் தெரிகிறது. ‘டெம்பிள் கிராண்டின்’ திரைப்படத்தில் சில நொடிகளே வரும் இக்காட்சி, ஆட்டிசம் குறித்து நான் வாசித்த நீண்ட விளக்கங்கள் பலவற்றைவிடத் தெளிவானது. அந்தப் பெண்ணுக்கு என்ன கோளாறு என்று அது விளக்க முற்படுவதில்லை. அவர் காண்பதை நம்மையும் காணச் செய்கிறது.

2010 பிப்ரவரியில் அமெரிக்காவின் எச்பிஓ தொலைக்காட்சியில் வெளியான படம் இது. மிக் ஜாக்சன் இயக்கத்தில் கிளேர் டேன்ஸ் டெம்பிளாக நடித்தார். அவ்வாண்டு ஏழு எம்மி விருதுகளைப் படம் வென்றபோது, டெம்பிள் கிராண்டினே விழா அரங்கில் இருந்தார். 1947இல் பாஸ்டனில் பிறந்த அவர், கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் விலங்கு அறிவியல் பேராசிரியர். கால்நடைகளைக் கையாளும் கட்டமைப்புகளை வடிவமைப்பதில் உலகறிந்த வல்லுநர்.

ஆட்டிசம் உள்ளவரைத் திரையில் காட்டுவதற்குப் பழகிப்போன வழி ஒன்று உண்டு. 1988இல் வந்த ‘ரெயின் மேன்’ படத்தில் டஸ்டின் ஹாஃப்மன் ஏற்ற அண்ணன் பாத்திரத்தை நாம் பெரும்பாலும் தம்பியின் கண்கள் வழியே பார்க்கிறோம். அண்ணன் ஒரு புதிர். மாறுவதும் கற்றுக்கொள்வதும் தம்பிதான். டெம்பிளைப் பற்றிய படம் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்குகிறது. மின்விசிறியின் சுழற்சி அவர் காதில் ஏறும்போது நம் காதிலும் ஏறுகிறது. அத்தையின் பண்ணை வாசற்கதவை அவர் உற்றுப் பார்க்கையில், கோணங்களும் கோடுகளும் திரையில் வரையப்படுகின்றன. வண்டியிலிருந்து இறங்காமலே அக்கதவைத் திறப்பதற்கு ஒரு கயிற்றுப் பொறியை அவர் செய்து முடிக்கும்போது, அந்தச் சிந்தனை எங்கிருந்து வந்தது என்று யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை.

டெம்பிள் குழந்தையாக இருந்த காலத்தின் மருத்துவத்தையும் இங்கே நினைவுகூர வேண்டும். ஆட்டிசத்தைத் தனி நிலையாக லியோ கானர் விவரித்தது 1943இல்தான். அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேலாக, பாசம் காட்டாத தாயால்தான் குழந்தை இப்படி ஆகிறது என்ற கருத்து செல்வாக்கோடு இருந்தது. ‘குளிர்பதனப் பெட்டித் தாய்’ என்று அதற்கு ஒரு பெயரும் இருந்தது. புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் எழுதிய நூல் அக்கருத்தை மேலும் பரப்பியது. பேச்சே வராத மகளோடு மருத்துவர் முன் அமர்ந்திருக்கும் தாய் யூஸ்டேசியாவுக்குப் படத்தில் கிடைப்பது இந்தத் தீர்ப்புதான். கூடவே, குழந்தையை ஒரு விடுதியில் சேர்த்துவிடலாம் என்ற அறிவுரையும். ஜூலியா ஆர்மண்ட் அந்தக் காட்சியில் அழுது புலம்புவதில்லை. குற்றம் சுமத்தப்பட்ட ஒருவர், சுமத்தியவரின் உதவியையே நாடவேண்டியிருக்கும் நிலையை முகத்தில் காட்டுகிறார். அந்தத் தாய் மகளை விடுதிக்கு அனுப்பவில்லை. பேச்சுப் பயிற்சி அளித்தார், பள்ளிகளில் சேர்த்தார். மகள் மூன்றரை வயதுக்கு மேல் பேசத் தொடங்கினார்.

இதற்கெல்லாம் பணம் வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். டெம்பிளின் தாய்வழிப் பாட்டனார் விமானங்களைத் தானாகச் செலுத்தும் கருவியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். வசதியான குடும்பம் அது. படம் இதன்மீது அதிகம் தங்குவதில்லை. தங்கியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

அரிசோனாவில் அத்தையின் பண்ணையில்தான் டெம்பிளின் வாழ்க்கை திரும்புகிறது. தடுப்பூசி போடுவதற்காக மாட்டை ஒரு கூண்டுக்குள் நிறுத்துவார்கள். இருபுறத் தட்டிகளும் நெருங்கி அதன் உடலை அழுத்திப் பிடிக்கும். மிரண்டுகொண்டிருந்த மாடு அந்த அழுத்தத்தில் அமைதியடைவதை டெம்பிள் கவனித்தார். மனிதர்கள் தொட்டாலே துடித்துப்போகும் அவர், பதற்றம் மேலிட்ட ஒரு நாளில் தாமே அக்கூண்டுக்குள் புகுந்துகொண்டார். பின்னர் 18 வயதில் தமக்கென மரப்பலகைகளால் அப்படியொரு கருவியைச் செய்தார். அதன் அழுத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் கையிலேயே இருந்தது. அணைப்பை அவர் வெறுக்கவில்லை. பிறர் அணைக்கும்போது அதன் அளவு தம் கட்டுப்பாட்டில் இல்லாததே அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது. சுற்றியிருந்தவர்கள் அக்கருவியை நோயின் அறிகுறியாகக் கண்டு பறிக்க முயன்றார்கள். அறிவியல் ஆசிரியர் கார்லாக் மட்டும், அது ஏன் அமைதி தருகிறது என்று ஆராய்ந்து நிரூபிக்கச் சொன்னார். டேவிட் ஸ்ட்ராத்தர்ன் ஏற்ற அந்தப் பாத்திரத்தில் ஒரு சொல்கூட மிகையாக இல்லை.

அரிசோனாவில் முதுகலை மாணவியாக மாட்டுப் பட்டிகளுக்குச் சென்றபோது டெம்பிள் செய்த காரியம் எளிமையானது. மாடுகள் நடத்திச் செல்லப்படும் குறுகிய பாதைக்குள் தாமே இறங்கி, அவற்றின் கண் உயரத்தில் குனிந்து பார்த்தார். மாடுகள் ஓரிடத்தில் திடீரென நின்று அடம்பிடிக்கும். தொழிலாளர்கள் மின்கோலால் குத்துவார்கள். நிற்பதற்குக் காரணம் வேலியில் யாரோ மாட்டிய மேலங்கியாக இருக்கும். அல்லது ஆடும் சங்கிலி, தேங்கிய நீரில் மின்னும் ஒளி, தரையில் விழுந்த நிழல். அவற்றை அகற்றினால் மாடு தானே நடக்கும். அங்கே வேலை செய்தவர்கள் அதுவரை இதைக் கவனிக்கவில்லை. சிறு ஓசையும் அசைவும் தம்மை எப்படி நிலைகுலையச் செய்யும் என்பதை அன்றாடம் அறிந்திருந்த டெம்பிள் கவனித்தார்.

வளைந்த பாதைகளை அவர் வடிவமைத்ததும் இந்தக் கவனத்தின் தொடர்ச்சியே. மாட்டின் பார்வை ஏறத்தாழ தன்னைச் சுற்றிலும் பரந்தது. வந்த திசைக்கே திரும்பிச் செல்லும் இயல்பும் அதற்கு உண்டு. பக்கங்கள் அடைக்கப்பட்ட வளைபாதையில் வெளியே நடப்பது அதன் கண்ணில் படாது. முன்னே செல்வதே வந்த வழி திரும்புவதாகத் தோன்றும். உண்ணி, சொறி நீக்க மாடுகளை மருந்து நீரில் முக்கியெடுக்கும் தொட்டிக்கும் அவர் வழுக்காத சரிவு அமைத்தார். மாடு தானாக இறங்கும் என்பதைத் தொழிலாளர்கள் நம்பவில்லை. படத்தில் அவர்கள் அச்சரிவின்மேல் உலோகத் தகடு ஒன்றைப் போட்டுவிட, மாடுகள் வழுக்கி விழுந்து மூழ்குகின்றன. ஒரு பெண், அதிலும் வேறுவிதமாகப் பேசும் பெண், சொன்னதை ஏற்க மறுத்ததற்கு விலை கொடுத்தவை அந்த மாடுகள்.

படம் 1981இல் ஒரு மாநாட்டோடு முடிந்துவிடுகிறது. பெற்றோர் நிறைந்த அரங்கில், பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்து டெம்பிள் தம் அனுபவத்தைச் சொல்கிறார். அவருடைய முதல் நூல் வருவதற்கே இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. ஆட்டிசம் உள்ள ஒருவர் தம் உள்ளுலகைத் தாமே எழுத முடியும் என்று நிபுணர்களே எதிர்பாராத காலம் அது. ஆனால், அவருடைய பணியின் மிகப் பெரிய பகுதி அதன் பின்னரே நிகழ்ந்தது. இறைச்சிக்கூடங்களில் மாடுகள் நடத்தப்படும் விதத்தை அவர் எண்ணிக்கையால் அளக்கத் தொடங்கினார். முதல் முயற்சியிலேயே நூற்றுக்கு 95 மாடுகளாவது நினைவிழக்க வேண்டும். அலறுபவை மூன்றுக்கு மேல் போகக் கூடாது. வழுக்கி விழுபவை ஒன்றைத் தாண்டக் கூடாது. கருணை என்ற சொல்லை ஆளுக்கொரு விதமாக விளக்கலாம். அலறலை எண்ணினால் வாதிட முடியாது. 1996இல் அமெரிக்க வேளாண் துறைக்காக அவர் ஆய்ந்த மாட்டிறைச்சிக்கூடங்களில் சுமார் 30 விழுக்காடே முதல் அளவுகோலைத் தொட்டன. 1999இல் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் இந்தத் தணிக்கையைக் கட்டாயமாக்கிய பிறகு நிலைமை வேகமாக மாறியது. உடைந்த கருவிகளைப் பழுதுபார்ப்பதும் வழுக்கும் தரையைச் சொரசொரப்பாக்குவதுமே பல இடங்களில் போதுமானதாக இருந்தது.

மாடுகளை நேசிப்பவர் அவற்றின் மரணத்துக்கான பாதையை வடிவமைப்பதா? இக்கேள்வியைப் பலரும் எழுப்பியிருக்கிறார்கள். வளர்ப்பதே நாம்தான், ஆகவே நல்ல வாழ்வையும் வலியற்ற சாவையும் தருவது நம் கடமை என்பது டெம்பிளின் நிலைப்பாடு. கொல்லாமையை அறமாகக் கொண்டவர்களுக்கு இது நிறைவளிக்காது. எனக்கும் முழுமையாக நிறைவளிக்கவில்லை. ஆயினும் இறைச்சிக்கூடத்தின் சுவருக்குப் பின்னால் நடப்பதைப் பார்க்க மறுத்துக்கொண்டே உண்பவர்களைவிட, உள்ளே இறங்கி நின்று பார்த்தவரின் பதிலுக்கு நான் அதிக மதிப்பளிப்பேன். இந்த முரணைப் படம் வாதமாக்காமல் ஓர் எளிய கேள்வியாகவே வைத்திருக்கிறது. பள்ளியில் அவர் நேசித்த குதிரை இறந்துகிடக்கும்போது, அது எங்கே போயிற்று என்று டெம்பிள் கேட்கிறார். இறைச்சிக்கூடத்தில் மாடு சாய்வதைக் காணும்போதும் அதே கேள்வி. அவர் 1995இல் எழுதிய, படங்களாகச் சிந்திப்பதைப் பற்றிய நூலின் கடைசி அத்தியாயத்துக்கு ‘சொர்க்கத்துக்கான படிக்கட்டு’ என்று பெயரிட்டார். இறைச்சிக்கூடத்தில் அவர் வடிவமைத்த ஒரு சாய்தளத்துக்கு வைத்த பெயர் அது.

படத்தைப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கருத்தில் கொள்வது நல்லது. அது டெம்பிளின் தொடக்க கால நூல்களை அடியொற்றியது. ஆட்டிசம் உள்ள எல்லோரும் தம்மைப் போலவே படங்களாகச் சிந்திப்பார்கள் என்று அப்போது அவர் நம்பினார். பலருடன் பேசிய பின் அதை அவரே திருத்திக்கொண்டார். சிலர் வடிவ ஒழுங்குகளாகவும் கணக்குகளாகவும் சிந்திக்கிறார்கள், சிலர் சொற்களாகவே சிந்திக்கிறார்கள் என்று பிந்தைய நூல்களில் எழுதினார். பேச்சே வராமல், வாழ்நாள் முழுதும் பிறர் துணையோடு வாழ்பவர்களும் இருக்கிறார்கள். டெம்பிளை அளவுகோலாக்கி அவர்களை அளப்பது அநீதி. அவரும் ஒரே இடத்தில் நின்றுவிடவில்லை. அணைக்கும் கருவி என்னவாயிற்று என்று படம் வெளியான ஆண்டில் கேட்டபோது, அது பழுதாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன, சரிசெய்யவில்லை, இப்போது மனிதர்களையே அணைத்துக்கொள்கிறேன் என்றார்.